சில்லின் மேல் ஒரு வீடு

சொற்களும் பயணம் செய்கின்றன. போகிற வழியில் அவை உடை மாற்றிக்கொள்வதும் உண்டு. பாரசீக மொழியில் 'கார்வான்' என்றால் ஒட்டகங்களோடும் சரக்குகளோடும் பாலைவனம் கடக்கும் வணிகக் கூட்டம். அது இராத்தங்கும் சத்திரம் 'கார்வான் சராய்'. இச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தினுள் புகுந்து 'கரவன்' ஆயிற்று. ஆங்கிலேயர் காலப்போக்கில் கூட்டத்தை விட்டுவிட்டு, கூரை போட்ட தனி வண்டி ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டினர். பிறகு அதன் தலையையும் வெட்டி 'வேன்' என்றனர். காலையில் நமது பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேனுக்குள் ஒரு பாரசீக ஒட்டகக் கூட்டத்தின் வால் ஒளிந்திருக்கிறது.

அரபு மொழியில் நடந்தது இதனிலும் சுவையானது. சூரா யூசுபில், கிணற்றில் போடப்பட்ட யூசுப் நபியைக் கண்டெடுக்கும் பயணக் கூட்டத்தைக் குறிக்கும் சொல் 'சய்யாரா'. இன்றைய அரபியில் சய்யாரா என்றால் மோட்டார் கார். ஆக, ஒரு கார் தன் பின்னால் கரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறதென்றால், இரண்டு பழைய வணிகக் கூட்டங்கள் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு போகின்றன என்றே நான் எண்ணிக்கொள்வேன்.

இந்த இழுவை வீட்டின் வரலாறு சுமார் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு உட்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு வரலாறு. சற்று ஆழ்ந்து பார்த்தால், வீடு என்றால் என்ன என்ற கேள்வியின் வரலாறாகவும் அது இருக்கிறது.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சில்லு வைத்த வண்டிகளில் குடியிருந்தவர்கள் ரோமா நாடோடிகளும், சந்தைக்குச் சந்தை வித்தை காட்டித் திரிந்தவர்களுமே. கண்ணியமான குடும்பத்தவர் அவர்களைக் கண்டால் கதவை மூடிக்கொள்வர். அந்த வாழ்க்கையை விடுமுறை இன்பமாக மாற்றிக் காட்டியவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். பிரிஸ்டல் நகரில் உள்ள வண்டித் தொழிற்சாலை ஒன்றில் மஹோகனிப் பலகையால் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்து, 1885இல் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள டுவைஃபோர்டிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். வண்டியின் நிறை ஏறத்தாழ 2 தொன். இழுக்க இரண்டு குதிரைகள். கூடவே ஒரு வண்டிக்காரன், ஒரு பணியாள், ஒரு நாய், ஒரு கிளி. பணியாளின் வேலைகளில் ஒன்று மூன்று சில்லுச் சைக்கிளில் முன்னால் போய் வழி சரியா என்று பார்த்து வருவது.

அடுத்த ஆண்டே பயணத்தைப் புத்தகமாக்கினார். தம்மை ஒரு 'கனவான் நாடோடி' என்று அவர் அழைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடோடியின் வண்டியை எடுத்துக்கொண்டவர், நாடோடி என்ற பெயருக்கு முன்னால் கனவான் என்ற அடைமொழியைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டார். 1907இல் பிரித்தானியாவில் கரவன் கழகம் தோன்றியபோது அதன் உபதலைவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார்.

குதிரையின் இடத்துக்குக் கார் வந்தது முதலாம் உலக யுத்தத்தின் பின்னர். 1919இல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கும் கரவன்களை விற்பனைக்கென்று செய்யத் தொடங்கியது. அதே 1919இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டம்பா நகரப் பூங்கா ஒன்றில் காரோடும் கூடாரத்தோடும் வந்து கூடியவர்கள் 'தகரப்பேணி உல்லாசப் பயணிகள்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பேணியில் அடைத்த உணவைத் தின்று ஊர் சுற்றியவர்களுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இத்துறையில் நடந்த முக்கியமான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் எரிச்சலில் பிறந்தவை. டெட்ரொய்டில் மருந்து உற்பத்தி செய்துவந்த ஆர்தர் ஷெர்மன் என்பவர் 1920களின் இறுதியில், சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட கூடார வண்டி ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் மழை. கூடாரத்தை விரித்து முடிப்பதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். வீடு திரும்பியவர், விரிக்கவே தேவையில்லாத, நான்கு சுவரும் கூரையும் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்வித்தார். கண்டவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். 1936 அளவில் அவரது தொழிற்சாலை அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் தொழிற்சாலையாக வளர்ந்திருந்தது. அக்காலத்தில் பொருளியல் ஆரூடம் சொல்வதில் பெயர்பெற்ற ரொஜர் பெப்சன், இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லர்களில் குடியிருப்பார்கள் என்று எதிர்வு கூறினார். அது நடக்கவில்லை.

ஆனால் இக்கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் வோலி பையம்தான். 1896இல் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மேய்க்கப் போனபோது கழுதை இழுக்கும் இருசில்லு வண்டியில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடு தங்கியவர். பிற்காலத்தில், சமையலறை இல்லாமல் கூடாரத்துக்கு வரமாட்டேன் என்று மனைவி மறுத்ததால் டிரெய்லர் செய்யத் தொடங்கினார் என்பார்கள். 1931இல் 'ஏர்ஸ்ட்ரீம்' நிறுவனத்தை ஆரம்பித்து, 1936இல் 'கிளிப்பர்' என்ற அலுமினிய டிரெய்லரை வெளியிட்டார். ஹோலி பௌலஸ் என்ற விமானப் பொறியியலாளர் 1934இல் செய்த வண்டியே அதன் மூலம். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடந்த லிண்ட்பேர்க்கின் விமானத்தைக் கட்டுவதை மேற்பார்வை செய்தவரும் இதே பௌலஸ்தான். காற்றைக் கிழித்துப் போகும் அந்த உருண்டை வடிவமும், தகட்டோடு தகட்டை ஆணி அறைந்து இணைத்த உடலும் ஆகாயத்திலிருந்து தரைக்கு இறங்கியவை.

பையம் வண்டி விற்றதோடு நிற்கவில்லை. வண்டி வைத்திருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போனார். அந்தக் கூட்டுப் பயணங்களுக்கு அவர் இட்ட பெயர் 'கரவன்'. தனி வண்டிக்குப் பெயராகிப்போன சொல் மறுபடியும் கூட்டத்துக்கே திரும்பி வந்தது. 1951இல் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் புறப்பட்ட முதற் கூட்டத்தில் அறுபதுக்கும் அதிகமான வண்டிகள். முழுத் தூரமும் போனவை மிகச் சிலவே. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. 1959இல் 41 டிரெய்லர்கள் தென்னாபிரிக்காவின் கேப்டவுனிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன. கென்யாவின் எல்லையைத் தாண்டி எதியோப்பியாவுக்குள் நுழைந்தபோது பாதை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. சேற்றிலும் பாறையிலும் அச்சுகள் முறிந்தன, இணைப்புகள் விட்டுப்போயின. 1960இல் அவை கெய்ரோவை அடைந்தன. கீஸாவின் பிரமிட்டுகளுக்குக் கீழே வெள்ளித் தகடு மின்ன வட்டமாக நிற்கும் அவ்வண்டிகளின் புகைப்படம் புகழ்பெற்றது. ஒட்டகக் கூட்டங்கள் நூற்றாண்டுகளாக இறங்கிய மண்ணில் அலுமினியக் கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது.

பையம் 1962இல் காலமானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட இன்னொரு கூட்டம் 1964இல் போர்த்துக்கலின் லிஸ்பனில் தன் பயணத்தை முடித்தது. 1969இல் சந்திரனிலிருந்து மீண்ட மூன்று விண்வெளி வீரர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்ததும் மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டிக்குள்தான். அந்த முறை சன்னலுக்கு வெளியே நின்று கதைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன்.

ஏட்டில் படித்த இந்த இன்ப துன்பங்களை நேரில் காண எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இங்கிலாந்தில் வசிக்கும் என் ராத்தாவின் குடும்பத்தோடு ஒரு கோடையில் வேல்ஸ் வரை கரவனில் போனேன். புறப்படுவதே ஒரு சடங்கு. கேஸ் சிலிண்டரை மூட வேண்டும், சன்னல்களைப் பூட்ட வேண்டும், நான்கு மூலைத் தாங்கிகளையும் தூக்க வேண்டும், காரின் கொளுக்கிக் குண்டில் வண்டியின் கழுத்தைப் பொருத்தி, மின்கம்பியை இணைத்து, இணைப்பு விட்டுப்போனால் வண்டியின் பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் கம்பியையும் கொளுவ வேண்டும். ராத்தா கோப்பைகளைத் துணியில் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சாமான்களை எங்கே வைப்பது என்பதில் மச்சான் மிகக் கண்டிப்பு. காரணம் இல்லாமலில்லை. இழுவை வண்டியின் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த நிறையில் 5 முதல் 7 வீதம் வரை கொளுக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பிரித்தானிய வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 வீதம் என்பார்கள். பின்பக்கம் பாரம் கூடினால், பக்கத்தால் ஒரு பெரிய லொறி கடந்துபோகும் காற்றே போதும், வண்டி பாம்பு போல் நெளியத் தொடங்கும். அவ்வேளையில் காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி காரையே மடக்கிப் போட்டுவிடும். சுக்கானை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறைய விடுவதே வழி. இறக்கமான ஓரிடத்தில் இலேசாக அப்படியோர் ஆட்டம் வந்தது. மச்சான் வாய்க்குள் ஏதோ ஓதினார். கால் மட்டும் மெதுவாகவே எழுந்தது.

முகாமிடத்தில் பின்னால் எடுப்பதுதான் பெரிய சோதனை. வண்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் சுக்கானை வலப்பக்கம் வெட்ட வேண்டும். வண்டி திரும்பத் தொடங்கியதும் அதைப் பின்தொடர்ந்து மறுபக்கம் கொண்டுவர வேண்டும். சற்றுப் பிந்தினால் காரும் வண்டியும் கத்திரிக்கோலாகிவிடும். "இறங்கிப் பாருங்க மச்சான்" என்று அவர் சொல்ல, நான் மழையில் நின்று கைகாட்டினேன். ஆறாவது முறைதான் வண்டி தன் இடத்தில் நின்றது. அயலில் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் ஊர் வயல் வரம்புகள் நினைவுக்கு வந்தன. நெல் மூடை ஏற்றிய மெசின் பெட்டியை ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்து, கழுத்தைத் திருப்பியபடி வாடிக்குள் ஒரே எடுப்பில் பின்னால் விடும் பையன்களுக்கு இந்த வித்தையின் பெருமை தெரியாது.

ஆனால் விடிந்தபோது எல்லாம் மறந்துபோனது. கதவைத் திறந்தால் கடல். ராத்தாவின் அடுப்பில், ராத்தாவின் கேத்தலில் தேநீர். நேற்றுத் தூங்கிய அதே தலையணை, வேறு ஒரு தேசம். இந்த இன்பத்தை வேறெந்த விடுதியும் தராது.

அன்று லுஹருக்கு ஒரு பேச்சு எழுந்தது. வீட்டையே கூட்டிக்கொண்டு வந்தவர் பிரயாணியா? கஸ்ராகச் சுருக்கித் தொழலாமா? வீடு திரும்பிய பின் தேடிப் பார்த்தேன். நமது இமாம்கள் இந்தக் கேள்வியைக் கப்பலை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழும் மாலுமி சுருக்கித் தொழலாம், ஆயினும் பூரணமாகத் தொழுவது மேல் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. கரையில் வேறு வீடு இல்லாத அத்தகையவருக்குச் சுருக்கும் சலுகையே இல்லை என்பது இமாம் அஹ்மதின் கருத்து. ராத்தாவுக்கு லெஸ்டரில் கல்வீடு இருக்கிறது. எனவே அவர் ஐயமற்ற பிரயாணி. போகுமிடமெல்லாம் வீடாக இருப்பவர் எங்கே பிரயாணி, எங்கே குடியிருப்பாளர் என்பதே பழைய சட்ட அறிஞர்களை யோசிக்கவைத்த சிக்கல்.

அந்தச் சிக்கலை நவீன அரசுகள் அவ்வளவு பொறுமையாகக் கையாளவில்லை. பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டின் கரவன் சட்டம் தரிப்பிடங்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்க, நாடோடிக் குடும்பங்கள் காலங்காலமாகத் தங்கிய பல இடங்கள் மூடப்பட்டன. 1968இல் வந்த சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்குவதை உள்ளூராட்சிச் சபைகளின் கடமையாக்கியது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. 2022இல் இயற்றப்பட்ட சட்டமோ, அனுமதியின்றி ஒரு நிலத்தில் வாகனத்தோடு தங்குவதைக் குற்றமாக்கி, வாகனத்தையே கைப்பற்றும் அதிகாரத்தையும் பொலிஸாருக்கு வழங்கியது. வாகனம் என்று சட்டம் சொல்வது அந்தக் குடும்பத்தின் வீடு. அதே ஆண்டுகளில் விடுமுறைக் கரவன்காரருக்கோ கதவுகள் அகலத் திறந்தன. 1997இன் பின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பெரிய கரவன் இழுக்கத் தனியான பரீட்சை எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதுவும் நீக்கப்பட்டது.

2005இல் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையை அழித்தபோது, வீடிழந்தோருக்கு அரசு கொடுத்தவை பயண டிரெய்லர்கள். ஓரிரு வாரம் தங்கச் செய்யப்பட்ட பெட்டிகளுக்குள் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. ஒட்டுப்பலகையிலிருந்து கசிந்த போமல்டிஹைட் வாயுவினால் மூச்சுத் திணறலும் கண்ணெரிவும் ஏற்பட்டன. அதன் செறிவு அதிகமாக இருந்ததை 2008இல் அரசின் ஆய்வே உறுதி செய்தது. 2004 சுனாமியின் பின் கிழக்குக் கரையில் தகரக் கொட்டில்களின் வெக்கையில் கிடந்த நமது மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோர்தானின் ஸஅத்தரி அகதி முகாம் 2012இல் திறக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய மக்கள் அங்கே இருந்தனர். கூடாரங்களுக்குப் பதிலாக அவர்களுக்குச் சிறு தகரப் பெட்டி வீடுகள் வழங்கப்பட்டன. அவற்றுக்கு அங்கே வழங்கும் பெயர் 'கரவன்'. ஒட்டகக் கூட்டங்களின் நிலத்துக்கே அந்தச் சொல் திரும்பியிருக்கிறது. ஆனால் இந்தக் கரவன்களுக்குச் சில்லு இல்லை. உறவினரின் அருகே போய்ச் சேர விரும்பியவர்கள், கம்பங்களை ஒட்டி, சில்லுப் பூட்டித் தள்ளுவண்டி செய்து, தங்கள் கரவன்களைத் தாங்களே இழுத்துப் போனார்கள்.

ஸ்டேபிள்ஸின் மஹோகனி வண்டியும் பையமின் அலுமினிய வண்டியும் மனிதனின் நியாயமான ஆசை ஒன்றிலிருந்து பிறந்தவை. அந்த இன்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு அந்தத் தேநீரைக் குடித்தவன் நான். ஆனால் அந்தப் பயணிகள் எல்லோருக்கும் எங்கோ ஒரு கதவின் திறப்பு சட்டைப் பையில் இருந்தது. சில்லின் மேல் உள்ள வீடு சுகமாவது, சில்லில்லாத இன்னொரு வீடு காத்திருக்கும்போதுதான். கார்வான் சராயைக் கட்டிய பழைய மனிதர்கள் வருபவரிடம் அந்தத் திறப்பு இருக்கிறதா என்று கேட்டதில்லை. வாயிற்கதவைத் திறந்தார்கள். உள்ளே வந்தவருக்குத் தண்ணீரும், அவரது ஒட்டகத்துக்கு இடமும் இருந்தன.