கணினிக்கும் தெரியாத சொல்

நோர்வேயின் மேற்குக் கரையில் எர்ஸ்தா என்ற சிற்றூருக்கு அருகே ஈவார் ஓசன் பிறந்த பண்ணை இருக்கிறது. டேனிஷ் எழுத்து மொழியாக நிலைத்துவிட்ட நாட்டில், உழவரும் மீனவரும் பேசிய வழக்குகளை ஊர் ஊராகச் சென்று திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் தந்தவர் ஓசன். நீநோர்ஷ்க் என்று இன்று எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் எழுத்து மொழிக்கு அதுதான் அடித்தளம். அவர் பிறந்த மண்ணில் 2000ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு மொழி நிலையம் திறக்கப்பட்டது.

2002இல் அந்த நிலையம் ஊரறிய உதவி கேட்டது. ஓசனின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பதிப்பித்த பேராசிரியர் ரெய்டார் யூபெடாலின் பெரும் நூல் தொகுப்பு அவர்களிடம் இருந்தது. அதன் பட்டியலும் ஒரு கணினிக் கோப்பில் இருந்தது. ஆனால் கோப்புக்குக் கடவுச்சொல் போடப்பட்டிருந்தது; அதை அறிந்தவர் உயிரோடு இல்லை. திறக்கத் தெரிந்தவர்கள் முன்வாருங்கள் என்று நிலையம் கேட்டது. பல நாடுகளிலிருந்து பதில்கள் குவிந்தன. விரைவிலேயே விடை கிடைத்தது: யூபெடால் என்ற குடும்பப் பெயரின் எட்டு எழுத்துகளையும் பின்னிருந்து முன்னாக எழுதினால் அதுதான் கடவுச்சொல்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரு மொழியின் சேமிப்பு முழுவதும் ஒரு மனிதரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சொல் எளிமையாக இருந்ததால் தப்பித்தது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்ததே ஒரு கணினியைப் பலர் பங்கிட்டதால்தான். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள், அளவான நேரம். ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்காதிருக்க ஆளுக்கொரு சொல். ஆனால் எல்லோருடைய சொற்களும் ஒரே கோப்பில் வெளிப்படையாகக் கிடந்தன. 1962இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கிடைத்த கணினி நேரம் போதாதென்று அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இன்னும் வேடிக்கை. இரண்டு கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

ஆக, அந்தக் காலத்தில் உங்கள் சொல்லை நீங்கள் மறந்தால் இயந்திரத்துக்குத் தெரியும். பொறுப்பாளரிடம் கேட்டால் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவே அதன் பலவீனம்.

1960களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் இதற்கு ஒரு வழி கண்டார். சொல்லை அப்படியே வைக்காமல், ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வந்த மாவை மட்டும் வைத்திருப்பது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நீங்கள் சொல்லைத் தட்டும்போது இயந்திரம் அதையும் அரைத்துப் பார்க்கிறது. இரண்டு மாவும் ஒன்றானால் கதவு திறக்கும். அன்றிலிருந்து உங்கள் கடவுச்சொல் கணினிக்கே தெரியாது.

1979இல் ராபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமையின் கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது 86 விழுக்காடு மிகக் குறுகியவையாகவோ, அகராதியிலோ பெயர்ப்பட்டியலிலோ உள்ளவையாகவோ இருந்தன. பேராசிரியரின் பெயரைத் திருப்பிப் போட்டது ஒன்றும் விதிவிலக்கல்ல. தொம்சன் மட்டும் சொன்னபடி நடந்திருக்கிறார். பழைய யுனிக்ஸ் கோப்பொன்றில் கிடைத்த அவருடைய மாவுக்கு உரிய சொல் 2019இல்தான் அகப்பட்டது. சதுரங்கத்தில் ராணியின் முன்னே நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் காய்நகர்வு, பழைய குறிப்பு முறையில்.

அப்படியானால் சொல்லை மறந்த சொந்தக்காரர் எப்படி உள்ளே போவது? இங்கேதான் பலரும் குழம்புவார்கள். மறந்த சொல்லை யாரும் கண்டுபிடித்துத் தருவதில்லை, பூட்டை மாற்றிவிடுகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் பெட்டர் நூர்டால்-ஹாகன் என்ற நோர்வேக்காரர் ஒரு சிறு நிரலை எழுதினார். ஒரு பிளாப்பியில் அதை வைத்துக் கணினியை ஏற்றினால், விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பில் இருந்த பழைய மாவை அழித்துவிடும். மறுமுறை சொல் கேட்காமலே திறக்கும். உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருந்த பிளாப்பி அது. வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தினாலும் கோப்புகள் படிக்கக் கிடைக்கும். கதவு பூட்டியிருந்தது, சுவர் இருக்கவில்லை.

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் பழைய கணினிகளை நான் அப்படித்தான் திறந்து கொடுத்து வந்திருக்கிறேன். ஒருமுறை, காலமான ஒரு பெரியவரின் கணினியை அவருடைய மகள் கொண்டுவந்தாள். இங்கே பிறந்து, சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தவள். தகப்பன் தன் ஊரைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வட்டைக் கழற்றிப் பொருத்தினேன், கோப்புகள் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எல்லாம் பழுதாகிவிட்டது என்று அவள் முகம் வாடிவிட்டது.

பழுதில்லை, அது பாமினி. யுனிகோட் எங்கள் வீடுகளுக்கு வருமுன் புலம்பெயர்ந்த தமிழரில் பெரும்பாலோர் தட்டிய எழுத்துரு. தமிழ் என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் புதிர். ஆனால் இந்தப் புதிர் இருபக்கமும் திறக்கும். எந்த எழுத்துக்கு எது என்ற அட்டவணை எல்லோருக்கும் தெரிந்ததே. மாற்றிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. சில நிமிடங்களில் கிணறுகளும் ஒழுங்கைகளும் கோயில் பூங்காவனமும் திரையில் வந்தன. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

இன்று அதே வேலையை என்னால் செய்ய முடியாது. இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதுமே மறையாக்கப்பட்டிருக்கிறது. பல வேளைகளில் உரிமையாளர் கேட்காமலே. வட்டைக் கழற்றினால் கிடைப்பது இரைச்சல். பாமினிக்கு இருந்த அட்டவணை அதற்கு இல்லை. திருடனுக்கு எதிராக இது நல்ல காவல்தான். ஆனால் சாவுக்குப் பிறகு பிள்ளையும் திருடனும் அதற்கு ஒன்றுதான். எஞ்சியிருப்பது மீட்புக் குறியீடு. விண்டோஸில் அது 48 இலக்கங்கள். அச்சிட்டு வைத்திருந்தாலோ, கணினி நிறுவனத்தில் திறந்த கணக்கில் சேமித்திருந்தாலோ உண்டு. இல்லையென்றால் இல்லை.

நாங்கள் கொண்டுவந்த பெட்டிகளில் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் உறையில் போட்டுக் கவனமாக வைத்திருக்கிறோம். அதே உறையில் அந்த 48 இலக்கம் எழுதிய தாளையும் வையுங்கள். எந்த எழுத்துருவில் எழுதுகிறீர்கள் என்பதையும் அதன் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். பிள்ளைகளே, வெட்கப்படாமல் கேளுங்கள்: "அப்பா, கொம்பியூட்டரின்ர அந்த நம்பரை எங்க எழுதி வைச்சிருக்கிறியள்?"