அடிக்கு ஒரு பவுண்டு: ‘தி கோஸ்ட் கேமரா’ (1933)

விடுமுறை முடிந்து காரில் ஊர் திரும்புகிறார் மருந்துக்கடைக்காரர் ஒருவர். வழியில் ஒரு பாழடைந்த கோட்டை. அதன் மேலிருந்து யாரோ வீசிய கேமரா ஒன்று அவருக்குத் தெரியாமலே காருக்குள் விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அதிலிருக்கும் படங்களைக் கழுவிப் பார்த்தால், ஒன்றில் ஒரு கொலை பதிவாகியிருக்கிறது. அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் அந்தப் படம் திருடு போகிறது. மிச்சமிருக்கும் படங்களை வைத்துக்கொண்டு மனிதர் கிளம்புகிறார்.

‘தி கோஸ்ட் கேமரா’வின் தொடக்கம் இது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் பிரிட்டிஷ் படம். கொலைகாரன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பாதிப் படத்திலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, இப்படி ஒரு படத்தை எடுக்க யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது.

1920களின் நடுவில் பிரிட்டிஷ் தியேட்டர்களில் ஓடிய படங்களில் சுமார் 5 சதவீதம்தான் உள்நாட்டுப் படங்கள். மிச்சமெல்லாம் கிட்டத்தட்ட அமெரிக்காவிலிருந்து வந்தவை. அரசு பயந்துபோய் 1927ல் ஒரு சினிமாச் சட்டம் போட்டது. தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும் இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படம் எடுத்தே ஆகவேண்டும். அந்த அளவு படிப்படியாக ஏறி 1936ல் 20 சதவீதத்தைத் தொடவேண்டும். (இங்கே ‘பிரிட்டிஷ்’ என்றால் பேரரசு முழுவதும். இதே சமயத்தில் இந்தியாவிலும் பேரரசுப் படங்களுக்குச் சலுகை தரலாமா என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். வேண்டாம் என்று 1928ல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. படத்தின் நீளத்துக்குக் கணக்கு உண்டு, தரத்துக்குக் கிடையாது. குறைந்தபட்சச் செலவு என்று எதுவும் சொல்லவில்லை. லண்டனில் கிளை வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தங்கள் படங்களை ஓட்ட அனுமதி வேண்டும். அதற்குக் கணக்குக் காட்ட சில பிரிட்டிஷ் படங்கள் வேண்டும். அவ்வளவுதான். ஆகவே உள்ளூர்த் தயாரிப்பாளர்களிடம் அடிக்கு ஒரு பவுண்டு என்று பேசி வாங்கினார்கள். துணி வாங்குவது போலத்தான். பேசும் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 67 நிமிடப் படம் என்றால் சுமார் 6,000 அடி. ஆக 6,000 பவுண்டு. தயாரிப்பாளரின் லாபமும் அதற்குள்தான். இவற்றுக்கு ‘கோட்டா குயிக்கி’ என்று கேலிப் பெயர். ஆளில்லாத காலை நேரத்தில், தியேட்டரைப் பெருக்கும் பெண்களுக்கு மட்டும் போட்டுக்காட்டிக் கணக்கு முடித்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

கொலைக்கதை இந்தப் பட்ஜெட்டுக்கு அப்படியே பொருந்தியது. ஒரு பிணம், இரண்டு அறை, ஒரு போலீஸ்காரர், நிறையப் பேச்சு. லண்டனையொட்டிய ட்விக்கன்ஹாமில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜூலியஸ் ஹேகன் இதில் கைதேர்ந்தவர். இரவு பகல் என்று ஷிஃப்ட் போட்டு ஆட்களை வேலை வாங்கினார். ‘தி கோஸ்ட் கேமரா’ அவருடைய தயாரிப்புதான். கதை ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜனுடையது, ஹிட்ச்காக் 1932ல் எடுத்த ‘நம்பர் செவன்டீன்’ இவருடைய நாடகம்தான். இயக்குநர் பெர்னார்ட் வோர்ஹவுஸ், நியூயார்க்கில் பிறந்தவர். அமெரிக்கப் படங்களைத் தடுக்கப் போட்ட சட்டத்தில் ஓர் அமெரிக்கருக்கு வேலை கிடைத்ததை என்னவென்று சொல்ல!

ஒப்பேற்றினால் போதும் என்ற இடத்தில் வோர்ஹவுஸ் ஒப்பேற்றவில்லை. செட்டுக்குள்ளேயே முடங்காமல் வெளியே போய் எடுக்கிறார். சில இடங்களில் கேமரா பாத்திரத்தின் கண்ணாகவே மாறிவிடுகிறது. வெட்டும் வேகமும் அக்காலத்து மலிவுப் படங்களில் காணக்கிடைக்காதது. எடிட்டர் யார் தெரியுமா? டேவிட் லீன், வயது 25. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ வர இன்னும் 29 வருடம் இருந்தது. சந்தேகத்துக்கு ஆளாகும் தம்பியாக வரும் ஜான் மில்ஸ், பிறகு லீனுடைய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1946) நாயகன். கதாநாயகி ஐடா லூபினோவுக்கு அப்போது 15 வயதுதான். நாயகனைவிட அவர் இருபது வயதுக்கு மேல் இளையவர் என்பது இன்று பார்க்கும்போது உறுத்தவே செய்கிறது. பின்னாளில் ஹாலிவுட்டில் ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ (1953) படத்தை இயக்கியவர் இவரே.

இந்தப் பெயர்களைக் காட்டி, கோட்டா படங்கள் பெரிய பயிற்சிப் பள்ளி என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பெரும்பாலானவை உண்மையிலேயே குப்பைதான். ஆனால் எல்லாமே குப்பை என்ற முடிவோடு யாரும் பாதுகாக்காமல் விட்டதில் நல்லதும் சேர்ந்து போயிற்று. மைக்கேல் பவல் 1931 முதல் 1936 வரை இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பலவற்றுக்குப் பிரதியே இல்லை. அவருடைய முதல் படம் ‘டூ கிரவுடட் அவர்ஸ்’, அதுவும் கொலைக்கதை, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தேடும் படங்களின் பட்டியலில் இருக்கிறது.

1938ல் புதுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிச் செலவு 7,500 பவுண்டு என்று வைத்ததும் அடிக்கணக்கு வியாபாரம் முடிந்தது. அதற்கு முன்பே, 1937ல், ஹேகன் திவாலாகிவிட்டார். வோர்ஹவுஸ் ஹாலிவுட் போனார். 1951ல் அவரைக் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக் கமிட்டி முன் பெயர் சொல்லிவிட்டார்கள், வேலை போயிற்று. லண்டனுக்குத் திரும்பி வீடு புதுப்பிக்கும் தொழிலில் இறங்கினார். 1980களில் லீன், தன்னைப் பாதித்தவர் என்று அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் ஆளைத் தேடினார்கள். அதே லண்டனில்தான் இருந்தார்.

இந்தப் படம் பிடித்திருந்தால் அடுத்து அவருடைய ‘தி லாஸ்ட் ஜர்னி’ பாருங்கள். ஓய்வுபெறும் நாளில் ஒரு ரயில் டிரைவர் மனைவிமேல் சந்தேகப்பட்டு, வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போகிற கதை. ஹேகனின் ஸ்டூடியோ ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒலிப்பதிவுக்கு எவ்வளவு தொல்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் மட்டும் ரயில் சத்தம் வேண்டியமட்டும் இருக்கிறது.