கன்னி என்னும் சொல்

சொற்பொருள் மாற்றத்தில் சமுதாய வரலாறு பதிந்துள்ளது. அதற்குக் 'கன்னி' தக்க சான்றாகும். வடமொழிக் 'கன்யா' மணமாகாத இளம்பெண்ணைச் சுட்டியது. மணத்துக்கு முன் குந்தி ஈன்ற கர்ணன் 'கானீனன்', அதாவது கன்னியின் மகன், எனப்பட்டான். தாய்மையும் கன்னி என்னும் பெயரும் அங்கே முரண்படவில்லை. தமிழில் 'கன்னிப்பேச்சு' என்பது முதன்மையையே உணர்த்தும். தொல்காப்பியரின் 'கற்பு' கரணத்தோடு கூடிய மணவாழ்வாகும். களவிற் கூடிய தலைவியும் அதனுள் அடங்கினாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மலையகம் புகுந்தோர் இச்சொல்லின் மற்றொரு கூறையும் கொணர்ந்தனர். தேயிலைத் தோட்டங்களில் வழிபடப்பெறும் கன்னிமார் ஊர்காக்கும் தெய்வங்கள். அங்கு ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கூத்திலோ, மாண்ட உடன்பிறந்தாரை எழுப்பும் ஆற்றல் தங்கை அருக்காணியின் கன்னிமைக்கு உரியது. கன்னிமை இங்கே வலிமையாகும்.

ஆயினும் அன்றாட வழக்கில், அட்டன், நுவரெலியா லயங்களிலும் பிறவிடங்களிலும், அதே சொல் பெண்ணொழுக்கத்தை அளக்கும் கோலாயிற்று. 'குமரி' மீதும் அப்பொருள் ஏறியது. அதன் ஆண்பாலாகிய 'குமரன்' இளைஞனாகவே நின்றான். கற்பு இருபாலார்க்கும் பொதுவாதல் வேண்டுமெனப் பாரதியார் பாடியது இவ்வேற்றுமை நோக்கியே எனலாம்.

குலமும் சொத்தும் பேண விழைந்த சமுதாயம் இச்சொற்களின் மேல் ஏற்றிய சுமையைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்துப் பெண்ணே சுமக்கின்றாள். மாந்தர் ஏற்றியதை மாந்தரே இறக்கவும் இயலும் என்பதே சொல் வரலாறு தரும் முடிபு.