வெக்கை போன கதை

நல்லா இருந்த மாடு காய்ச்சலில் படுக்கும். வாயெல்லாம் புண், அப்புறம் கழிச்சல். பத்துப் பன்னிரண்டு நாளில் செத்துப்போகும். பட்டியில் ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கும் பரவும். அதுதான் வெக்கை நோய். இன்றைக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் இளவட்டம் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அது தானாகப் போகலைங்க. ராணிப்பேட்டையில் 1932-இல் கால்நடை நோய்த்தடுப்பு நிலையம் வந்தது. 1954-இல் நாடு முழுக்க வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக 1995-இல், நம்ம தமிழ்நாட்டில்தான் வந்தது. 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனுசன் ஒழித்த நோய் இதுதான்.

வெக்கைக்கு ஒரே ஊசி ஆயுசுக்கும் காக்கும். காணை நோய் அப்படி இல்லை. அந்தக் கிருமியில் பல வகை. ஊசியின் பலமும் சில மாசம்தான். அதனால்தான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஊசி, நாலு மாசக் கன்னிலிருந்து. ஊசி போட்டால் ரெண்டு நாள் பால் குறையும் என்று மாட்டை ஒளிக்கிறவர்கள் இன்னும் உண்டு. காணை வந்தாலோ பால் வற்றும். பால்குடிக் கன்னு திடீரென்று செத்துப்போகும்.

ரெண்டு நாள் பாலா, கன்னா? வெக்கைக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.