யப்பானுக்குச் சென்ற பொம்மை விருந்தினர்

பிறர் இல்லத்துக்கு விருந்தினராய்ச் செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது கீழைத்தேயத்தார் பலரின் பொதுவழக்கு. பண்டைத் தமிழ் நூல்கள் இவ்வன்பளிப்பைக் கையுறை என்று பெயரிட்டு வழங்கின. யப்பானியரோ இவ்வழக்கை ஒரு நுண்கலையாகவே வளர்த்துள்ளனர். பொருள் சிறிதாயினும் அதனை அழகுறப் பொதிதல் வேண்டும். இரு கைகளாலும் கொடுத்தல் வேண்டும். நான்கு என்னும் எண்ணின் ஓசை சாவைக் குறிக்குஞ் சொல்லின் ஓசையோடு ஒத்தலால், நான்கு பொருள்கள் கொண்ட பரிசினைத் தவிர்ப்பர். பெற்றவர் அதனைக் கொடுத்தவர் முன்னிலையில் உடனே பிரித்துப் பார்ப்பதும் பழைய மரபன்று. பரிசு பெற்றவர் பின்னர் ஏற்றதொரு பதிற்பரிசு அளித்தாலன்றி அக்கடன் தீர்ந்ததாகாது.

ஆதலின், யப்பானிய இல்லமொன்றுக்கு எதனைக் கொண்டு செல்வது என்னும் வினா எளிதானதன்று. ஒரு முறை இவ்வினா ஓர் இல்லத்தைப் பற்றியதாயன்றி ஒரு தேசத்துப் பிள்ளைகள் அனைவரையும் பற்றியதாய் எழுந்தது. அதற்கு விடை கண்டவர் சிட்னி கூலிக் என்னும் அமெரிக்கர்.

கூலிக் 1888ஆம் ஆண்டிலே கிறித்தவ சமயத் தொண்டராய் யப்பான் சென்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் வாழ்ந்து, அந்நாட்டு மொழியைக் கற்று, கியோத்தோ நகரிலுள்ள தோசிசா கல்லூரியிலும் ஆசிரியராய் விளங்கினார். 1913இல் தாயகம் திரும்பிய அவர், அங்கே யப்பானியர்பால் வளர்ந்துவந்த பகைமையைக் கண்டு வருந்தினார். அப்பகைமை 1924இற் சட்ட வடிவம் பெற்றது. குடியுரிமை பெறத் தகுதியில்லாதோர் அமெரிக்காவிற் குடியேறலாகாது என்று விதித்தது அவ்வாண்டுச் சட்டம். யப்பானியருக்கு அத்தகுதி இல்லையென நீதிமன்றம் முன்னரே தீர்ப்பளித்திருந்தமையால், கதவு அவர்களுக்கு முற்றாக அடைபட்டது. யப்பானிய மக்கள் இதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினர்.

சட்டத்தை மாற்றும் வலிமை கூலிக்கிடம் இல்லை. ஆயினும், பெரியோரின் பகை பிள்ளைகளிடத்துப் பரவாமற் காத்தல் கூடும் என அவர் நம்பினார். யப்பானியப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் ஒரு பரிசு அனுப்புதல் வேண்டும். அது யாதாயிருக்கலாம்? அந்நாட்டு வீடுகளின் உள்ளே வாழ்ந்தறிந்தவராதலின், அவருக்கு விடை விரைவிற் புலப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச்சு 3ஆம் நாள் யப்பானியர் ஹினாமத்சுரி என்னும் பொம்மைத் திருநாளைக் கொண்டாடுவர். பெண் குழந்தைகள் உள்ள வீடுகளிற் செந்துணி விரித்த படிகள் அமைத்து, அரசனும் அரசியும் பரிவாரங்களுமாகப் பொம்மைகளை வரிசைப்படுத்துவர். நவராத்திரிக் கொலுவை அறிந்த தமிழருக்கு இக்காட்சி புதிதாய்த் தோன்றாது. அங்கே பொம்மை விளையாட்டுப் பொருள் மாத்திரம் அன்று; தாயிடமிருந்து மகளுக்கு வழிவழி வருஞ் செல்வமுமாகும்.

ஆகவே பொம்மையே தெரிவு செய்யப்பட்டது. 1926இல் இதற்கெனக் குழுவொன்று அமைந்தது. அமெரிக்கா எங்கணும் பிள்ளைகளும் அன்னையரும் திருச்சபைக் குழுக்களும் பொம்மைகளை வாங்கி, உடை தைத்து அணிவித்தனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டப்பட்டது. கடவுச் சீட்டும் பிரயாணச் சீட்டும் நட்பு மடல் ஒன்றும் உடன் வைக்கப்பட்டன. பொருளாயன்றி விருந்தினராகவே அவை புறப்பட்டன எனலாம். இங்ஙனம் சென்ற பொம்மைகளின் தொகை 12,739.

யப்பானில் இவற்றை வரவேற்க முன்னின்றவர் சிபுசாவா எயிச்சி என்னும் பெருவணிகர். நாட்டின் முதல் நவீன வங்கியை நிறுவியவராகிய அவருக்கு அப்போது வயது 86. 1927 மார்ச்சு 3ஆம் நாள், பொம்மைத் திருநாளன்றே, தோக்கியோவில் வரவேற்பு விழா நிகழ்ந்தது. பின்னர் கல்வி அமைச்சு அவற்றை நாடெங்கணுமுள்ள பாலர் பாடசாலைகளுக்கும் தொடக்கப் பாடசாலைகளுக்கும் பகிர்ந்தளித்தது. நீலக்கண் பொம்மையைப் பற்றிய பாடலொன்று 1921 முதல் யப்பானிய மக்களிடையே வழங்கிவந்தமையால், வந்த விருந்தினருக்கும் நீலக்கண் பொம்மைகள் என்னும் பெயரே நிலைத்தது.

இனிப் பதிற்பரிசு அளித்தல் வேண்டுமன்றோ? எண்ணிக்கைக்கு எண்ணிக்கை செய்ய யப்பானியர் முனையவில்லை. தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு 58 பெரிய பொம்மைகளைச் செய்வித்தனர். பாடசாலை மாணவியர் ஏறக்குறைய 26 இலட்சம் பேர் ஆளுக்கு ஒரு சென், அதாவது யென் நாணயத்தின் நூற்றிலொரு பாகம், கொடுத்து இதற்கு உதவினர். பட்டுக் கிமோனோ அணிந்து, சிறிய அரக்குப் பேழைகளும் தேநீர்க் கலங்களும் உடன்கொண்டு, மாகாணங்களினதும் நகரங்களினதும் பெயர் தாங்கிய இப்பொம்மைகள் 1927 நவம்பரிற் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தன. அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் காட்சிக்கு வைக்கப்பட்ட பின்னர் அவை நூதனசாலைகளில் இடம் பெற்றன.

எனினும் சட்டம் மாறவில்லை, பகை தணியவுமில்லை. சிபுசாவா 1931இற் காலமானார். 1941 டிசம்பரில் இரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டது. போர் உக்கிரமடைந்த 1943இல் நீலக்கண் பொம்மைகள் பகை நாட்டின் சின்னங்களாகப் பழிக்கப்பட்டன. பல எரிக்கப்பட்டன, சில பிள்ளைகளின் முன்னிலையில் மூங்கில் ஈட்டிகளாற் குத்தப்பட்டன. விருந்தினராய் ஏற்ற அதே பாடசாலைகளில் இஃது நிகழ்ந்தது. அமெரிக்காவிலும் யப்பானியப் பொம்மைகள் பல காட்சிக் கூடங்களினின்று அகற்றப்பட்டுக் களஞ்சியங்களில் அடைக்கப்பட்டன.

ஆயினும் ஆசிரியர் சிலர் தம்மிடம் வந்த பொம்மையை அழிக்க மனமொப்பவில்லை. கூரையின் உட்புறத்திலும், பண்டகசாலையின் மூலையிலும், தம் இல்லங்களிலும் அவற்றை மறைத்து வைத்தனர். அக்காலத்தில் இது வெளிப்பட்டிருப்பின் தேசத் துரோகிகள் என்னும் பழி அவர்களைச் சூழ்ந்திருக்கும். போருக்குப் பின், பழைய பாடசாலைக் கட்டடங்களைத் துப்புரவு செய்தபோதும் இடித்தபோதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இவ்வாறு எஞ்சியவை முந்நூறுக்கு மேற்பட்டனவாய் இன்று அறியப்பட்டுள்ளன. அமெரிக்கா சென்ற 58இல் நாற்பதுக்கு மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. 1986 முதல் கூலிக்கின் பேரர் யப்பானியப் பாடசாலைகளுக்கு மீண்டும் பொம்மைகள் அனுப்பலானார்.

கூலிக்கின் முயற்சி தோல்வியே என்பாரும் உளர். அநீதியான சட்டமொன்றைப் பரிசுப் பொருள் நீக்கிவிடும் என்று எதிர்பார்த்தல் தவறென்பதை இவ்வரலாறு ஐயமின்றி உணர்த்துகின்றது. ஆயின், பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளுக்குப் பதிலாகக் கூலிக் வேறு விலையுயர்ந்த பொருளை அனுப்பியிருப்பின், அதனைத் தம் உயிர்போற் காக்க எவரேனும் துணிந்திருப்பரோ? பொம்மையை விருந்தினராக மதிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களாதலின், அந்த ஆசிரியர்களுக்கு அதனை எரித்தல் ஒரு குழந்தையை எரித்தலாகவே தோன்றியிருத்தல் கூடும்.

யப்பானிய இல்லமொன்றுக்குப் பரிசு தேடுவோர் இன்றும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பொருளின் விலையை வினவுமுன், அவ்வீட்டார் எதனைப் போற்றுகின்றனர், கொண்டு செல்வதை அவ்வீட்டில் எவ்விடத்து வைப்பர் என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும்.