பால்மரமும் கந்தகமும்

மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய அம்முயற்சி, பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாய் விரிந்தது. கடல் கடந்து வந்த தமிழர் வைகறையில் மரம் வெட்டினர்; மங்கில் வடிந்த பாலைத் திரட்டி, அமிலமிட்டு உறையவைத்துத் தாளாக்கினர்.

அத்தாளோ வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டிருந்தார். ரப்பரின் நெடிய மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைத்து விடுகின்றன. ஆனால் அதற்கு மணிக்கணக்கில் வெப்பம் வேண்டும். 1906இல் ஓயன்ஸ்லாகர் அனிலீனைச் சேர்த்து வினையை விரைவுபடுத்தினார், அனிலீனோ நஞ்சு. 1921இல் மெர்காப்டோபென்சோதையசோல் வந்தது. கரியோடு கந்தகமும் நைட்ரசனும் ஒரே வளையத்துள் அமைந்த பல்லின வளையச் சேர்மம் அது. மணிகள் நிமிடங்களாயின, மோட்டார்ச் சக்கரம் மலிந்தது. மலாக்காத் தோட்டத்துப் பாலின் பயன் இவ்வாறு தொலைதூர ஆய்வுக்கூடங்களில் முடிவாயிற்று. பால் வெட்டியவருக்கு அப்பெயர் எட்டியிராது.

எட்டிய வளையம் வேறு. நைட்ரசன் பொதிந்த ஈரு வளையங்கள் இணைந்த களைக்கொல்லி, பாராகுவாட். முதுகில் தோம்பைச் சுமந்து அதனைத் தெளித்தோரில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கழன்றோரும் மூக்கில் குருதி வடிந்தோரும் அவர்களுள் உண்டு. 2002இல் மலேசிய அரசு தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.