கொல்லைப்புறத்தில் பிறந்த தொலைநோக்கி



மும்பை நகரில் அமோல் யாதவ் என்னும் விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டினார். 2017-ஆம் ஆண்டில் அது அரசின் பதிவையும் பெற்றது. பெரிய விமானங்களை ஓட்டுவதே அவருடைய தொழில். பறப்பதற்கு வழியில்லாமல் அவர் அதைச் செய்யவில்லை. பின் எதற்காகச் செய்தார்? விலைக்குக் கிடைக்கும் பொருளை மனிதன் ஏன் தன் கையால் செய்ய விரும்புகிறான்? இந்தக் கேள்வி நம்முடைய ஜவ்வாது மலைக்கும் உரியதே. இங்கே செய்யப்பட்டது வானில் பறக்கும் கருவி அன்று, வானைப் பார்க்கும் கருவி.

காவலூரில் காட்டின் நடுவே நிற்கும் வெண்ணிறக் குவிமாடத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதன் வரலாற்றை அறிந்தவர்கள் சிலரே.

1960-இல் வைணு பாப்பு என்னும் வானியலாளர் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைவரானார். அவருடைய தந்தை ஹைதராபாத்திலுள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். ஆகையால் மகன் தொலைநோக்கிகளின் நடுவிலேயே வளர்ந்தார் எனலாம். அமெரிக்காவில் மாணவராயிருந்தபோதே, 1949-இல், ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர். கொடைக்கானல் சூரியனை ஆராய்வதற்குப் பெயர்பெற்ற இடம். இரவு வானத்திற்கோ வேறோர் இடம் வேண்டியிருந்தது. தேடி அலைந்து அவர் தெரிந்துகொண்டதுதான் காவலூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். நகர விளக்குகள் எட்டாத காடு. நிலநடுக்கோட்டிற்கு அண்மை என்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணும் வாய்ப்பு.

இடம் கிடைத்தது, கருவி வேண்டுமே! 38 சென்டிமீட்டர் குழியாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று கொடைக்கானல் ஆய்வகத்தின் கொல்லைப்புறத்திலேயே செய்யப்பட்டது. அதைக் கொண்டுதான் 1968-இல் காவலூரில் முறையான ஆய்வு தொடங்கிற்று.

ஆடி செய்வது எத்தகைய வேலை என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, மேலுள்ளதை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தேய்ப்பார்கள். இடையிடையே திருப்பிக்கொண்டு, மேசையைச் சுற்றி நடப்பார்கள். நாட்கள் செல்லச் செல்ல மேற்கண்ணாடி குழிந்துவரும், கீழ்க்கண்ணாடி குவிந்துவரும். தூளை மென்மையாக்கிக்கொண்டே போய், இறுதியில் மெருகேற்ற வேண்டும். குற்றம் பார்ப்பதற்கு வேண்டியது ஒரு சிறு விளக்கும் ஒரு சவரத் தகடுமே. ஒளி வந்து குவியும் இடத்தில் அந்தத் தகட்டின் விளிம்பை மெல்ல நுழைத்துப் பார்த்தால், ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலாய்த் தெரியும். அப்போது கண்ணாடியின்மேல் கட்டைவிரலைச் சிறிது நேரம் வைத்தெடுத்தால், அந்தச் சூட்டினால் எழுந்த வீக்கம்கூட ஒரு மேடுபோல் காட்சியளிக்கும். அது ஆறும்வரை பொறுத்திருந்துதான் மேலே வேலை செய்ய வேண்டும். பொறுமையற்றவனுக்கு இந்தத் தொழில் கைகூடாது.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசைவாணராயிருந்த வில்லியம் ஹெர்ஷல் இப்படியே தம் வீட்டில் உலோக ஆடிகளைத் தேய்த்தார். ஒருமுறை பதினாறு மணிநேரம் கையெடுக்காமல் மெருகேற்றியபோது, தங்கை கரோலின் அருகில் நின்று அவர் வாயில் உணவு ஊட்டினாராம். அவ்வாறு செய்த தொலைநோக்கியால்தான், 1781 மார்ச் 13 அன்று, தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸ் கோளைக் கண்டார்.

அந்த யுரேனஸ் மீண்டும் நம் மலைக்கு வருகிறது. 1972-இல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்திலிருந்து வாங்கிய ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. வந்த ஆண்டிலேயே, வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியை அதன்வழியே கண்டனர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, விண்மீனின் ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தனர். கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு அது சான்று. அதே வேளையில் அமெரிக்க அறிஞர்கள் பறக்கும் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் அதையே கண்டார்கள்.

ஆக, எழுபதுகளில் காவலூருக்குப் பெயர் தேடித்தந்தது விலைக்கு வாங்கிய கருவியே. இதை மறைப்பது நேர்மையாகாது. கைவேலையைப் புகழ்கிறவர்கள் இவ்விடத்தைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பலன் ஒன்றே கணக்கென்றால் பாப்பு இன்னுமொன்றை வாங்கியிருக்கலாம். அவரோ 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே கட்டுவது என்று துணிந்தார். சிறியதைச் செய்து பழகிய துணிவு அதில் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். வாங்கினவன் ஒரு கருவிக்கு உரிமையாளன் ஆகிறான். செய்தவனுக்கோ அதன் ஒவ்வொரு குறையும் பெயர் சொல்லித் தெரியும்.

கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதன் எடை ஏறத்தாழ மூன்றரை டன். தேய்ப்பதும் மெருகேற்றுவதும் பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் நடந்தன. தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புக் கட்டமைப்பை வால்சந்த்நகர் ஆலை செய்தது. கொல்லைப்புறத்து வேலை இப்போது பல ஊர்களின் வேலையாகிவிட்டது.

பாப்பு அதன்வழியே ஒருமுறையேனும் விண்மீனைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று, இருதய அறுவை சிகிச்சைக்குப்பின், மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. தாம் கட்டியதில் அவர் அடைந்த நிறைவு என்னவாயினும், அது வேலையின் நடுவிலேயே கிடைத்திருக்க வேண்டும், முடிவில் கிடைக்கவில்லை.

1985-இன் பிற்பகுதியில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

ஆடியின்மேல் பூசப்பட்ட அலுமினியப் படலம் காலப்போக்கில் மங்கும். அப்போது அதைக் கழுவி நீக்கிவிட்டுப் புதிதாய்ப் பூசுவார்கள். அடியிலுள்ள கண்ணாடியின் வளைவு மட்டும் மாறுவதில்லை. அன்று அந்தக் கைகள் தேய்த்து விட்டது விட்டபடியே இருக்கிறது.